சாட்சி கேட்காத நீதிமன்றம்

சென்ற குளிர்காலத்தில் அடித்த பெருங்காற்றில் லண்டன் கோலியர்ஸ் வுட்டிலுள்ள எங்கள் வாடகை வீட்டின் பின்பக்க வேலி விழுந்தது. இங்கே வேலி என்றால் பலகை. ஆளுயரத்துக்கு மரப்பலகைத் தட்டிகள், இடையிடையே அவற்றைத் தாங்கும் கட்டைகள். அதில் ஒரு தட்டி கட்டையோடு பிடுங்குப்பட்டு அடுத்த வீட்டுப் புல்லில் போய் மல்லாந்து கிடந்தது. விடிந்ததும் அந்த வீட்டு மிசிஸ் ஹார்ப்பர் வந்து கதவைத் தட்டினார். "வேலி என்னுடைய பக்கத்தில் கிடக்கிறது" என்றார். "நாங்கள் அதைத் தொடவேயில்லை. நானும் கணவரும் நேற்று முழுக்க வேலையில் நின்றோம். கேட்டுப் பாருங்கள், சாட்சி இருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடுக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காற்றல்லவா தள்ளியது, லவ். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு போன் போடுங்கள்" என்றவர், போகும்போது திரும்பி, இந்த ஊரில் வேலியின் நல்ல முகம் அயலவர் பக்கமும் கட்டைகள் சொந்தக்காரர் பக்கமும் இருக்க வேண்டும் என்று ஒரு பாடமும் சொல்லிவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் ஏன் பதறினேன் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடம் வேலி என்பது கதியால். பூவரசங்கொப்பையோ கிளுவங்கொப்பையோ வெட்டி எல்லையில் வரிசையாக நட்டால் அது வேர்விட்டுத் தளிர்க்கும். அதில் தென்னோலையில் பின்னிய கிடுகைக் கட்டி மறைப்போம். உயிருள்ள வேலி என்பதால் அது நகரவும் செய்யும். வேலி அடைக்கும் காலத்தில் பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அரைச்சாண் தள்ளி நடுகிறவர்கள் உண்டு. பிறகென்ன, பிறக்கிராசி, அப்புக்காத்து என்று வக்கீல்மார், நீதிமன்றம். எங்கள் ஐயாவுக்கும் மேற்கு வளவுச் செல்லத்துரை அண்ணைக்கும் அப்படியொரு வழக்கு, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கி, கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்த பிறகும் நடந்தது. நீதிமன்றம் ஆளனுப்பிச் சங்கிலி போட்டு அளந்தது. தீர்ப்பு வரும்வரை இரண்டு பகுதியும் வேலியில் கைவைக்கக் கூடாது என்று தடையுத்தரவும் போட்டது. கிடுகு உக்கிக் கொட்டியது, மாற்ற முடியாது. எங்கள் கோழி அவர்கள் வளவில் முட்டையிட்டது. கேட்க முடியாது, ஏனென்றால் கதை பேச்சில்லை. கடைசியில் இரண்டு வீட்டாரும் தத்தம் காணிக்குள் ஓரடி தள்ளி முள்ளுக்கம்பி இழுத்துக்கொண்டார்கள். முன்பு வேலியில் ஆள் நுழைந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது, பெண்கள் அதற்குள்ளால்தான் உப்புக்கும் புளிக்கும் போய்வருவார்கள். அதுவும் கம்பியோடு அடைபட்டது.

நான் இங்கு வந்து சில காலத்தில் ஐயாவிடமிருந்து வெற்றிக் களிப்போடு ஒரு கடிதம் வந்தது. செல்லத்துரை தடையுத்தரவை மீறிக் கம்பிகளை வெட்டிவிட்டான், நீதவான் முன்னால் ஒப்புக்கொண்டான், ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை, திறந்த மன்றில் தலைகுனிந்து நின்றான் என்று எழுதியிருந்தார். நாட்டு நிலைமையில் பிறகு அந்த நீதிமன்றமே இயங்காமற் போனது. ஐயாவும் காலமானார். வழக்கு முடியவில்லை.

இந்தப் பழங்கதையை நான் கிளறக் காரணம் என் தம்பி குகன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் விமானத்தில் வந்து இறங்கி, விமான நிலையத்திலேயே அகதிப் பாதுகாப்புக் கேட்டான். பல மாதங்கள் கழித்து மறுப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆபத்தென்றால் கொழும்பில் பாதுகாப்பாக இருக்கலாமே என்பதுதான் காரணம். கொழும்பில் இருந்தபோதுதான் அவனைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். விசாரணையில் அதையும் அவன் சொல்லியிருந்தான். மறுப்புக் கடிதத்தின் கடைசியில், விரும்பினால் மேன்முறையீடு செய்யலாம், ஆனால் இலங்கைக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்துதான் செய்யலாம் என்றிருந்தது. அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். "போன இடத்தில் ஆளையே முடித்துவிட்டால் மேன்முறையீட்டில் யார் கையெழுத்து வைப்பது?" என்று எங்கள் வழக்கை எடுத்திருந்த சொலிசிட்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு வழி இருக்கிறது என்றார். ஜுடிஷியல் ரிவ்யூ. நீதிமுறை மீளாய்வு என்று அகராதி சொல்லும். எங்கள் ஆட்களின் வாயில் அது "ரிவ்யூ போட்டிருக்கு" என்று தேய்ந்துவிட்டது.

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. பள்ளிக்கூடக் கன்ரீனில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். சொலிசிட்டரையும் நான் விடவில்லை. வழக்குப் போடுவதற்கு முன்னால், வழக்குப் போடலாமா என்று நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். ஏன்? அப்படித்தான். அனுமதி கிடைத்த பிறகு வழக்குக்கு ஒரு தலைப்பு வந்தது: அரசி எதிர் உள்துறை அமைச்சர், குகனின் பொருட்டு. எந்த அரசி என்றேன். அரசிதான் என்றார். முத்திரையில் தலை இருக்கும் அரசியா? ஆமாம். அவருக்கு இந்த விஷயம் தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் அரசி, தனக்கே தெரியாமல், தன்னுடைய அமைச்சருக்கு எதிராக, என் தம்பிக்காக வழக்காடுகிறார். ஐயா உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் வேலி வழக்கையும் லண்டனுக்கு மாற்றச் சொல்லியிருப்பார்.

அதைவிடப் பெரிய புதினம், நீதிபதி எதைப் பார்ப்பார் என்பது. குகன் சொன்னது மெய்யா பொய்யா என்று அவர் பார்க்கமாட்டார். அவனுக்கு ஆபத்து இருக்கிறதா இல்லையா என்றும் பார்க்கமாட்டார். முடிவெடுத்த அதிகாரி, முடிவெடுக்க வேண்டிய முறைப்படி எடுத்தாரா என்பது ஒன்றுதான் விஷயம். வீட்டுக்கு வந்து இதை என் கணவருக்கு விளங்கப்படுத்தினேன். கறி ருசியா என்று கேட்கமாட்டார், உப்புப் போட்டதா என்று மட்டும் கேட்பார் என்றேன். "அப்ப சாப்பிடுறது ஆர்?" என்றார் அவர். வழக்கில் தோற்றால் குகனை அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

விசாரணைக்குச் சில நாட்கள் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"ஆர், தவமணியோ? நான் செல்லத்துரை. மேற்கு வளவு."

அவர் குடும்பத்தோடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருப்பதாகவும் பாண் சுடுகிற ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். வழியில் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போகிற உறவுதான் எங்களுடையது.

"குகனைத் திருப்பி அனுப்பப் போறாங்களாம் எண்டு சொல்லிச்சினம். வழக்கு எப்ப? நான் சாட்சி சொல்ல வாறன்."

"என்ன சாட்சி அண்ணை?"

"அதைக் கோட்டிலை சொல்லுறன் பிள்ளை. கோட்டிலை சொல்ல வேண்டியதைக் கோட்டிலைதான் சொல்ல வேணும்."

என் கணவருக்குச் சொன்னேன். "எதிராளி சாட்சிக்கு வாறாரோ? எந்தப் பக்கத்துச் சாட்சி எண்டு கேட்டனீரோ?" என்றார். குகனிடம் சொன்னபோது அவன் எழுந்து போய் முகம் கழுவினான். நான் சொலிசிட்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்து, எங்கள் ஆட்கள் நீதிமன்றத்துக்கு வரலாமா என்று கேட்டேன். "நிச்சயமாக வரலாம், வந்தால் மிகவும் நல்லது" என்றாள் அங்கிருந்த பெண். வரலாம் என்றால் பேசலாம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் நீதிமன்றத்துக்குச் சும்மா பார்க்கப் போகிற வழக்கம் யாருக்கு இருந்தது? கறி விஷயத்தை அவ்வளவு விளக்கமாகச் சொன்ன எனக்கே, சாட்சி இல்லாமல் ஒரு வழக்கு நடக்கும் என்று மனம் ஏற்கவில்லை.

அன்று டெம்பிள் ஸ்டேஷன் வாசலில் எங்களுக்கு முன்பே செல்லத்துரை அண்ணை வந்து நின்றார். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டுச் சூட்டைப் போட்டு, நெற்றியில் விபூதியும் பூசியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குகனின் தோளைப் பிடித்து, "மெலிஞ்சு போனாய்" என்றார். குகன் நிலத்தைப் பார்த்தான். ஸ்ட்ராண்ட் தெருவிலுள்ள அந்த நீதிமன்றக் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம். உள்ளே போனாலும் தேவாலயம்தான், கும்பிடத்தான் ஆளில்லை. சுவரிலிருந்த அன்றைய வழக்குப் பட்டியலில் அரசியின் பெயரோடு தம்பியின் பெயரும் இருப்பதைச் செல்லத்துரை அண்ணை விரல் வைத்து வாசித்தார். "உவன்ரை பேர் பிழையில்லாமல் இருக்கு" என்று திருப்திப்பட்டார்.

வெள்ளைக் குதிரைமயிர்த் தொப்பி போட்ட எங்கள் பாரிஸ்டர் இளம் பெண். அமைச்சின் பக்கத்துப் பாரிஸ்டர் நரைத்த மனிதர். அவர்கள் சண்டை பிடித்தார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவரையொருவர் "கற்றறிந்த என் நண்பர்" என்று அழைத்தபடி, கோபமில்லாமல், எழுந்தும் இருந்தும் காலை முழுவதும் ஒரு பக்கத்தைப் பற்றியே பேசினார்கள். குகன் கொழும்பில் அடைபட்டிருந்ததைச் சொன்ன விசாரணைப் பக்கம். முடிவெடுத்தவர் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்தாரா? எடுத்திருந்தால் கடிதத்தில் ஒரு சொல்லாவது அதைப் பற்றி இருக்க வேண்டாமா? நீதிபதி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பின்வரிசையில் இருந்த எங்களில் குகன் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. என் கணவரைத்தான் குகன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு தடவை அவரைப் பார்த்தார். என் கணவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மதிய இடைவேளையில் செல்லத்துரை அண்ணை பாரிஸ்டரை மறித்து, தன்னுடைய முறை எப்போது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் மலர்ந்து சிரித்து, "நீங்கள் வந்தது எவ்வளவு நல்ல காரியம், மிகவும் நன்றி" என்று அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனாள். "பின்னேரம் கூப்பிடுவினம் போலை" என்றார் அவர். அப்போதுதான் எனக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னத் தேநீர்க் கடைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். தேநீர் வந்த பிறகு சொன்னேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இந்தக் கோட்டிலை சாட்சி கேக்க மாட்டினமாம்."

"ஏன்? அப்ப மெய்யோ பொய்யோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"அதைப் பாக்க மாட்டினம். முடிவெடுத்தவர் எல்லாத்தையும் வாசிச்சவரோ எண்டு மட்டும்தான் பாப்பினம்."

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். பிறகு கரண்டியை வைத்தார்.

"அப்ப உனக்குச் சொல்லுறன். அண்டைக்கு விடிய ஆமி ஊரைச் சுத்தி வளைச்சிட்டுது. இவன் கிணத்தடியாலை ஓடிவந்து உங்கடை முள்ளுக்கம்பியிலை மாட்டுப்பட்டு நிக்கிறான். சேட்டெல்லாம் ரத்தம். உங்கடை முன்படலையிலை சப்பாத்துச் சத்தம் கேக்குது. நான் கம்பி வெட்டுற குறட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் எங்கடை கம்பியையும் வெட்டினன், உங்கடை கம்பியையும் வெட்டினன். எங்கடை வளவுக்காலை இழுத்துப் பின் ஒழுங்கையிலை விட்டன்."

நான் குகனைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான்.

"பிறகு ஐயா கோட்டுக்குப் போனார். அது அவற்ரை நியாயம், வெட்டினது கண்ணுக்கு முன்னாலை கிடக்குது. ஏன் வெட்டினனீ எண்டு நீதவான் கேட்டார். சுத்தவரப் பொலிஸ் நிக்குது. என்னத்தைச் சொல்ல? ஆமி தேடின பெடியனைத் தப்ப விட்டன் எண்டோ? வெட்டினது நான் எண்டு மட்டும் சொன்னன்."

"எனக்கேன்ரா நீ சொல்லேல்லை?" என்று தம்பியைக் கேட்டேன்.

"ஐயாவுக்கும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர் அக்கா. சொன்னால் ஐயா வழக்கைக் கைவிட்டிடுவார், ஏன் விட்டவர் எண்டு ஊர் கேக்கும் எண்டவர். பிறகு அப்பிடியே பழகிப்போச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேநீர்க் கடையென்றும் பார்க்கவில்லை. இந்த மனிதர் ஊருக்கு முன்னால் குற்றவாளியாக நின்றது என் தம்பிக்காக. அதை அறியாமலே ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைக்க நினைக்க நெஞ்சு ஆறவில்லை. அங்கே நீதவான் ஏன் என்று கேட்டார், இவரால் சொல்ல முடியவில்லை. இங்கே இவர் சொல்ல வந்திருக்கிறார், கேட்கத்தான் ஒருவருமில்லை. இரண்டில் எது நல்ல நீதிமன்றம் என்று என்னைக் கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"மகள் இங்கிலீசிலை சொல்லித் தந்தவள். வேலையிலை பாணை அடுக்கி அடுக்கிப் பாடமாக்கினனான். எல்லாம் வீணாப் போச்சு" என்றார்.

"எங்களுக்குச் சொல்லுங்கோ அண்ணை."

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, தேநீர்க் கடையின் சுவரைப் பார்த்துச் சொன்னார். "மை லோர்ட். ஐ கட் த ஃபென்ஸ். ஐ ஹேட் எ ரீசன்." கடைக்காரப் பெண் அவருக்கு வேறேதோ தேவை என்று நினைத்து இன்னொரு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் நாங்கள் எழுந்தோம்.

பிற்பகலில் நீதிபதி தீர்ப்பை வாசித்தார். வென்றதா தோற்றதா என்று அந்த ஆங்கிலத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வசனம் எங்களுக்கு நல்லதாகத் தொடங்கும், முடியும்போது அவர்களுக்கு நல்லதாகிவிடும். செல்லத்துரை அண்ணை குகனின் முழங்காலில் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் பாரிஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோதுதான் மூச்சு வந்தது. மறுப்பு இரத்து. அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் முடிவெடுத்தது செல்லாது. ஒரு பெடியனின் ஒரு பக்கப் பேச்சை வாசிக்காததற்காக ஒரு நீதிபதி அமைச்சரின் கையைப் பிடித்து நிறுத்துகிறார் என்பது எங்கள் நாட்டில் நான் கேள்விப்படாத காரியம். அதை நினைத்து நான் வியந்துகொண்டிருக்கும்போதே குகன் சொலிசிட்டரிடம் கேட்டான், "அப்படியென்றால் நான் இங்கே இருக்கலாமா?" அவர் தொண்டையைச் செருமினார். இருக்கலாம் என்று நீதிபதி சொல்லவில்லை. கோப்பு திரும்பவும் அமைச்சுக்கே போகும். அவர்கள் எல்லாவற்றையும் வாசித்து மறுபடி முடிவெடுப்பார்கள். மறுபடியும் மறுக்கலாமா? மறுக்கலாம், முறைப்படி.

நாங்கள் வாசற்படிக்கு வந்தோம். செல்லத்துரை அண்ணை கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "அப்ப வழக்கு முடியேல்லை எண்டு சொல்லு. முடியாத வழக்கோடை சீவிக்கிறது எங்களுக்குப் பழக்கம்தானே" என்று சொல்லி, டெம்பிள் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அன்று இரவு அவருக்கு மறுபடி ஷிப்ட் இருந்தது.

இதை எழுதும் இன்றுவரை புது முடிவு வரவில்லை. குகன் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறான். குடிவரவு அலுவலகத்துக்கு ஒழுங்காகப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறான். தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் அவனோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. செல்லத்துரை அண்ணை லீவு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார். ஊரில் இரண்டு வளவும் ஆளில்லாமல் கிடக்கிறதாம். வெட்டுவார் இல்லாமல் எல்லைக் கதியால்கள் பெருமரமாகிவிட்டனவாம். அந்த மரங்கள் யாருக்குச் சொந்தம் என்று அவரைக் கேட்டேன். "கோட்டிலைதான் கேக்க வேணும்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

போன சனிக்கிழமை ஒருவழியாக வீட்டுச் சொந்தக்காரர் வேலியைத் திருத்த ஒரு தச்சனை அனுப்பினார். தட்டி விழுந்த இடம் இவ்வளவு காலமும் திறந்தே கிடந்தது. மிசிஸ் ஹார்ப்பர் அதற்குள்ளால் வந்துதான் எனக்கு ரூபாப் என்ற புளிப்புத் தண்டு தருவார், நானும் அதற்குள்ளால் போய்த்தான் வடை கொடுத்தேன். தச்சன் குழி தோண்டி, புதுக் கட்டையைத் தூக்கி நிறுத்தி, பிடிக்க ஆள் கேட்டான். குகன் போய்ப் பிடித்தான். ஒரு கால் எங்கள் புல்லிலும் ஒரு கால் மிசிஸ் ஹார்ப்பரின் புல்லிலுமாக, எல்லைக்கோட்டின் மேல், இரண்டு கைகளாலும் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். தச்சன் சுத்தியலைக் கையில் எடுத்தபடி என்னிடம் கேட்டான், "கட்டை எந்தப் பக்கம் வரவேண்டும்? உங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா?" இது வாடகை வீடு, வேலி யாருடையதென்று எனக்கு எப்படித் தெரியும்? மிசிஸ் ஹார்ப்பரைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். சொந்தக்காரருக்குப் போன் போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, குகன் சத்தம் போட்டான்.

"அக்கா, எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை, கெதியாச் சொல்லுங்கோ. எவ்வளவு நேரம் இப்பிடியே நிக்கிறது, கை நோகுது."